லேமினேஷன் போடச் சொன்னது யார்?

என் அண்ணியின் சான்றிதழைக் கெடுத்தது நீங்கள்தான், ஏஜென்ட் சார். என் அண்ணன் அல்ல. இதை நான் முன்பும் சொன்னேன், உங்கள் முகத்துக்கு நேராகவே சொன்னேன், யாரும் கேட்கவில்லை. இப்போது எழுதுகிறேன்.

அந்தச் சான்றிதழ் என் பீரோவில் இருக்கிறது. நர்சிங் படித்து முடித்ததற்கு அண்ணிக்குக் கிடைத்த டிப்ளமோ. கெட்டியான தாள். இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் உறை. அப்போது கண்ணாடி மாதிரி பளபளத்தது, இப்போது பழுத்துப்போய் ஆறின கஞ்சியின் நிறத்துக்கு வந்துவிட்டது. வலது பக்கக் கீழ் மூலையில் மட்டும் பிளாஸ்டிக் வாய் பிளந்திருக்கும். அங்கே பதிவாளரின் கையெழுத்து தாளில் இல்லை, உரிந்து வந்த பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்தால் கையெழுத்து மட்டும் தனியாக அந்தரத்தில் நிற்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உங்கள் ஆபீஸ் மாடிப்படி ஞாபகம் வருகிறது.

என் அண்ணன் சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு மோட்டார் உதிரிபாகக் கடையில் வேலை செய்தவர். பெரிய படிப்பில்லை. அண்ணி அடையாறில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். தொண்ணூறுகளில் நர்ஸ்களுக்கு வளைகுடா நாடுகளிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். பாண்டி பஜார் பக்கம் மாடிக்கு மாடி ஏஜென்ட் போர்டு தொங்கியது. அதில் உங்களுடையதும் ஒன்று. நீங்கள் அண்ணிக்கு வாங்கிக் கொடுத்த வேலை நல்ல வேலைதான், அதை மறுக்க மாட்டேன். கணவரையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று போட்டிருந்தது. அதற்குத்தான் எங்கள் வீடே ஆலாய்ப் பறந்தது. தனியாகப் போவதென்றால் போகவே வேண்டாம் என்று அண்ணி ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். அண்ணன் அங்கே ஏதாவது பட்டறையில் சேர்ந்துகொள்வதாகப் பேச்சு. அவர்கள் பெண் அப்போது எல்.கே.ஜி. படித்துக்கொண்டிருந்தாள்.

வேலை கிடைத்தால் போதாது, படித்ததை வெளிநாடு நம்ப வேண்டும். அதற்கு அசல் சான்றிதழின் முதுகில் முதலில் கோட்டையில், தலைமைச் செயலகத்தில் ஒரு சீல், பிறகு டெல்லியில் ஒரு சீல், கடைசியாக அந்த நாட்டுத் தூதரகத்தில் ஒரு சீல். ஒருவர் கையெழுத்தை அடுத்தவர் பார்த்து, சரி என்று குத்திக்கொண்டே போவது. ஜெராக்ஸ் செல்லாது. அசலின் முதுகுதான் வேண்டும். இன்றைக்கு எனக்கு இது மனப்பாடம். அன்றைக்கு எங்களில் யாருக்கும் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் நீங்கள். அதற்குத்தான் உங்களிடம் வந்தோம்.

இங்கே ஒரு விஷயத்தை நானே சொல்லிவிடுகிறேன், பின்னால் நீங்கள் சொல்லிச் சிரிக்க இடம் வைக்க மாட்டேன். என் அண்ணனுக்கு லேமினேஷன் பைத்தியம் இருந்தது. அந்தக் காலத்தில் பாதி சென்னைக்கு இருந்தது. ரேஷன் கார்டு, டி.வி. கியாரண்டி கார்டு, வடபழனியில் வாங்கிய முருகன் படம், மகள் முதலில் வரைந்த யானை, எல்லாம் பிளாஸ்டிக்குக்குள் போய்விட்டன. எண்ணெய்க் கறையிலேயே வேலை செய்கிற மனுஷன், வீட்டிலாவது எதிலும் கறை படக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ. ஆனால் அண்ணியின் சான்றிதழை மட்டும் அவர் தொடவில்லை. "இதுல மட்டும் கை வெச்சீங்க, நான் மனுஷியா இருக்க மாட்டேன்" என்று அண்ணி சொல்லி வைத்திருந்தார். அண்ணனும் அதைத் துணிப்பையில் சுற்றி, அரிசி டிரம்முக்கு மேலே உள்ள பலகையில், மகள் கைக்கு எட்டாமல் வைத்திருந்தார்.

உங்கள் ஆபீசுக்கு அசலைக் கொடுக்க அண்ணன் வந்த நாளில் நானும் கூட வந்தேன். நான் வேலை பார்த்த துணிக்கடை இரண்டு தெரு தள்ளி, சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்திருந்தேன். அண்ணிக்கு அன்றைக்குப் பகல் டியூட்டி. நீங்கள் சான்றிதழைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "அண்ணே, இது கோட்டைக்குப் போவும், டெல்லிக்குப் போவும், எம்பசிக்குப் போவும். எவன் எவன் கையோ படும். டீக் கறை பட்டா யாரு பொறுப்பு? கீழ நம்ம மச்சான் கடைதான். ஒரு லேமினேஷன் போட்டுக் குடுத்துடுங்க."

அண்ணன் தயங்கினார். என் அண்ணன் தயங்கினார், கேட்டுக்கொள்ளுங்கள். "அவ வேணாம்னு சொல்லிக்கீறா சார். அதான் யோசிக்கிறேன்" என்றார்.

நீங்கள் சிரித்தீர்கள். "வீட்டம்மா ஊசி போடுறதுல கில்லாடியா இருக்கலாம் அண்ணே. பேப்பர் விஷயத்துல நான்."

படியிறங்கினோம். உங்கள் மைத்துனர் கடையில் மிஷின் சூடாகும் வரை அண்ணன் சான்றிதழை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றார். அது உருளைகளுக்கு நடுவே போய் மறுபக்கம் பளபளவென்று வந்தபோது அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. அதையும் மறைக்க மாட்டேன். "பாரு, புதுசு மாதிரி கீது" என்றார்.

கோட்டைக்குப் போன உங்கள் ஆள் மறுநாளே அதைத் திருப்பிக் கொண்டு வந்துவிட்டார். பிளாஸ்டிக் மேல் எங்கே சீல் குத்துவது, மை ஒட்டாது, ஒட்டினாலும் செல்லாது, உரித்துக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்களாம். அப்போதாவது எங்களிடம் சொல்லியிருக்கலாம். உங்கள் மைத்துனர் இஸ்திரிப் பெட்டியைச் சூடு பண்ணி, மேலே ஒரு துணியைப் போட்டுத் தேய்த்து, மூலையைப் பிடித்து இழுத்தார். கையெழுத்து கழன்று வந்தது. அதற்கு அப்புறம்தான் அண்ணன் வேலை செய்த கடைக்குப் போன் போட்டு அவரைக் கூப்பிட்டீர்கள்.

அன்று சாயங்காலம் அண்ணி யூனிஃபார்மோடு நேராக உங்கள் ஆபீசுக்கு வந்தார். நாங்களும் இருந்தோம். நீங்கள் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "நான் எதுக்கும்மா சொல்லப் போறேன்? இதே தொழிலா இருக்கிறவன், அசலுக்கு லேமினேஷன் போடச் சொல்லுவேனா? உங்க வீட்டுக்காரரு ஆசைப்பட்டு போட்டுக்கினு வந்தாரு, நான் என்ன பண்ணட்டும்?" நான் கத்தினேன். "பொய் சொல்லாதய்யா, நான் இங்கதானே நின்னேன்" என்றேன். "தங்கச்சி அண்ணனுக்குத்தானே பேசும்" என்று சொல்லி ஃபேனைக் கூட்டி வைத்தீர்கள். அண்ணி, அண்ணனைப் பார்த்தார். வீட்டில் இருந்த ரேஷன் கார்டும் முருகனும் யானையும் அந்த ஒரு நொடியில் அவர் மனசில் வந்து போயிருக்கும்.

புதுச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்றால் பழையது எப்படிப் பாழானது என்று முத்திரைத்தாளில் சத்தியம் செய்து கொடுக்க வேண்டும். நோட்டரி சீல் வேண்டும். அதை எழுதிக் கொடுத்ததும் நீங்கள்தான். 'என் கவனக்குறைவால், யாருடைய ஆலோசனையும் இன்றி' என்று அண்ணன் சொல்வது போல எழுதியிருந்தீர்கள். உண்மையை எழுதலாமே என்று நான் கேட்டதற்கு, "ஏஜென்ட் பேரு உள்ள வந்தா விசாரணைன்னு இழுப்பாங்க, அதுக்குள்ள விசா போயிடும். அப்புறம் உங்க இஷ்டம்" என்றீர்கள். அண்ணியின் பாஸ்போர்ட் உங்கள் மேஜை டிராயரில் இருந்தது.

மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த ஒரு வக்கீலிடம் போனோம். நோட்டரி. நெற்றியில் விபூதி, மேஜையில் சிவப்பு வட்ட சீல்கள், பக்கத்தில் பசைப் புட்டி. வயசானவர், நல்ல மனுஷர். அண்ணனை நிமிர்ந்து பார்த்து, "படிச்சுப் பாத்தேளா? சத்தியம் பண்ணிச் சொல்றேள், தெரியறதோல்லியோ?" என்று கேட்டார்.

"தெரியும் சார்."

"பொய் சார்" என்றேன் நான். "அண்ணன் தானா பண்ணலை. அந்த ஆளு பண்ணச் சொன்னான்."

வக்கீல் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அண்ணன் அவசரமாக, "அது அப்டித்தான் சார், கத்திக்கினே இருக்கும். எழுதினது உண்மைதான். நீங்க குத்துங்க" என்றார்.

"நீங்க குத்தக் கூடாது சார்" என்றேன். அவர் என்னைப் பார்த்துக் கொஞ்சம் இரக்கத்தோடுதான் சொன்னார்: "நான் பாக்கறது இவர் யாரு, கையெழுத்து இவரோடதுதானான்னு. உள்ளே எழுதியிருக்கறதுக்கு அவர்தான் பொறுப்பு. என் சீலுக்கு வாசிக்கத் தெரியாதும்மா." இன்னொரு தடவை அண்ணனைக் கேட்டார். அண்ணன் இன்னொரு தடவை உண்மை என்றார். சிவப்பு வட்டம் ஒட்டினார், மேலே வைத்து அழுத்தினார். உண்மையான சான்றிதழுக்குக் கிடைக்காத சீல், அந்தப் பொய்க்கு ஒரே நிமிஷத்தில் கிடைத்தது.

வெளியே வந்து அண்ணன் காபி வாங்கிக் கொடுத்தார். நான் குடிக்கவில்லை. "இன்னா இப்போ? ஒரு பேப்பர்ல ஒரு பேரு. அவ ஃபிளைட் ஏறிட்டா அதை எவன் பாக்கப் போறான்?" என்றார்.

"அண்ணி பாப்பாங்க" என்றேன். அவர் என் காபியையும் எடுத்துக் குடித்தார்.

அண்ணி பார்க்கத்தான் பார்த்தார். அந்தப் பத்திரத்தைத் தன் விண்ணப்பத்தோடு வைக்க வேண்டியவர் அவர்தானே. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடி முழுசாகப் படித்தார். என் அண்ணி, நோயாளிக்கு மருந்து கொடுத்த நேரத்தைக்கூட மாற்றி எழுதாதவர். பொய் என்று தெரிந்தால் அதைக் கொடுத்திருக்க மாட்டார், வேலை போனாலும் கொடுத்திருக்க மாட்டார். அது அண்ணனுக்குத் தெரியும். அண்ணி தாளை மடித்தார். "அப்போ நீங்கதான்" என்றார். அண்ணன் "ம்" என்றார். அந்த 'ம்' ஒன்றுக்காக நான் அண்ணனோடு ரொம்ப நாள் பேசவில்லை.

புதுச் சான்றிதழ் வந்தது, தாமதமாக வந்தது. அதற்குள் அந்த இடத்துக்கு வேறு யாரோ போய்விட்டார்கள். அடுத்த வருஷம் வேறு ஏஜென்ட் மூலமாக வேறு நாட்டில் வேலை கிடைத்தது. குடும்பத்தைக் கூட்டிப் போக முடியாது. போகவே மாட்டேன் என்றவர், வீட்டுக் கஷ்டத்தில் போனார். அண்ணன் இங்கே இருந்தார். மகளுக்குத் தலை பின்னக் கற்றுக்கொண்டார். எண்ணெய்க் கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டுப் பின்னுவார். எஸ்.டி.டி. பூத்தில் போன் வரும் வாரங்களில் அவளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். சொந்தக்காரர்கள் அவருக்கு 'லேமினேஷன்' என்றே பேர் வைத்தார்கள். கல்யாண வீட்டில், "பத்திரிகையைக் குடுத்துடாதீங்கப்பா, மாமா பிளாஸ்டிக் போட்டுருவாரு" என்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். நான் ஒவ்வொரு தடவையும் சண்டைக்குப் போனேன். "விடு, இன்னாத்துக்கு? அவ போய்ட்டா இல்ல, அது போதும்" என்பார்.

அண்ணன் போன வருஷம் போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, அவர் பெட்டியைத் திறந்தபோது எல்லாம் பிளாஸ்டிக் பிளாஸ்டிக்காக வந்தன. முருகன், யானை, மகளின் பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட், கடைசியில் அந்தச் சான்றிதழ். அண்ணி அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அழுதார், அழுகையிலேயே சிரித்தார். "என் சர்டிபிகேட்டையும் விட்டு வைக்கலையே மனுஷன்" என்றார். சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள், பாசமாகத்தான் சிரித்தார்கள். நான் அண்ணியின் கையைப் பிடித்து, "அவர் இல்ல அண்ணி, அந்த ஏஜென்ட்டு" என்றேன். அவர் என் கன்னத்தைத் தடவினார். "நான் எப்பவோ மன்னிச்சாச்சு. நீ அவர் தங்கச்சி, நீ அப்படித்தான் சொல்லுவே. அவரே சத்தியம் பண்ணி எழுதிக் குடுத்தாரேம்மா, சீலெல்லாம் போட்டு."

மன்னித்துவிட்டாராம். செய்யாத தப்புக்கு மன்னிப்பு. என் அண்ணன் அதை வாங்கிக்கொண்டே போயிருக்கிறார். அண்ணி மேல் எனக்குக் கோபமில்லை. அவர் நம்பியது அவர் புருஷனின் வார்த்தையை. அந்த வார்த்தையை எழுதிக் கொடுத்தவர் நீங்கள்.

நானும் விட்டிருப்பேன். ஆனால் எங்கள் வாசலில் வாராவாரம் போட்டுவிட்டுப் போகும் பகுதிப் பத்திரிகையில் உங்கள் படம் வந்தது. தி.நகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் உங்களுக்குப் பாராட்டு விழா, கழுத்தில் ஆளுயர மாலை, கையில் மைக். 'என் கையில் கொடுத்த ஒரு தாள்கூட இதுவரை பாழானதில்லை' என்று பேசினீர்களாம். கைதட்டினார்களாம்.

ஒரு தாள் பாழானது. அண்ணியிடம் கேட்டு வாங்கி வந்தேன், அது என்னிடம் இருக்கிறது. பதிவாளரின் கையெழுத்து இன்னும் உங்கள் மைத்துனர் கடைப் பிளாஸ்டிக்கில்தான் ஒட்டியிருக்கிறது. உங்களிடம் காசு கேட்கவில்லை, கோர்ட்டுக்கு இழுக்கவில்லை. நான் சொன்னால் தங்கச்சி பேச்சு. அண்ணன் சொல்ல முடியாது. மிச்சம் இருப்பது நீங்கள் ஒருவர்தான். இதை அதே பத்திரிகைக்குத்தான் அனுப்புகிறேன். உங்கள் பெயரை நான் இங்கே எழுதவில்லை, படித்தால் உங்களுக்குத் தெரியும். அதே மண்டபத்துக்கு வாருங்கள், அதே மைக்கைப் பிடியுங்கள். முதல் வரிசையில் என் அண்ணியை உட்கார வைக்கிறேன். மடியில் அந்தச் சான்றிதழ் இருக்கும். அவர் முகத்தைப் பார்த்து, எல்லார் காதிலும் விழுகிற மாதிரிச் சொல்லுங்கள்: அதற்கு லேமினேஷன் போடச் சொன்னது யார்?