முந்திக்கொண்டு சாத்திய கண்மலர்

எனக்குச் சர்க்கரை நோய் வந்து எட்டு வருடம் ஆகிறது. அதைவிடப் பெரிய நோய் பயம். இதே சர்க்கரையில்தான் என் அண்ணனுக்கு இரண்டு கண்ணும் போயிற்று. செஞ்சி கடைத்தெருவில் ஜாக்கெட் தைத்துப் பிழைக்கிறவள் நான். கண் போனால் என்ன செய்வேன்? கண்ணைப் பரிசோதிக்கச் சொன்ன டாக்டர்களிடமெல்லாம், ஊசியில் நூல் கோக்கிறேனே என்று சொல்லித் தப்பித்து வந்தேன். தனியாக இருக்கும்போது அழுவேன்.

எனக்கு அம்மன்தான் கதி. கண்ணுக்கு ஒன்றும் வரக்கூடாது, வெள்ளியில் கண்மலர் சாத்துகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். வேண்டுதல் பலித்த பிறகு சாத்துவதுதான் வழக்கம். நான் முந்திக்கொண்டு, போன ஆடி மூன்றாம் வெள்ளியன்றே சாத்திவிட்டேன். வாங்கிக்கொண்ட பிறகு அவள் எப்படி மாட்டேன் என்பாள்? அவ்வளவு கெட்டிக்காரி நான்.

வெளியே வந்தால் கோயில் வாசலிலேயே கண் பரிசோதனை முகாம். என் வீட்டுக்காரர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்தார். ஒரு பெண் கேமராவில் என் கண்ணுக்குள் படம் எடுத்தாள். செயற்கை நுண்ணறிவு அந்தப் படத்தை அங்கேயே பார்த்துச் சொல்லிவிடுமாம். சொல்லியும் விட்டது. இரண்டு கண்ணிலும் சர்க்கரையின் பாதிப்பு தெரிகிறது, உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

எனக்கு வந்ததே கோபம். "இப்பதாம்மா கண்மலர் சாத்திட்டு வர்றேன். உன் மிஷின் இன்னா இப்டி சொல்லுது?" என்றேன்.

"நீங்க சாத்துனது அதுக்குத் தெரியாதுக்கா. அது உங்க கண்ண மட்டுந்தான் பாத்துச்சு," என்றாள் அவள், சிரிக்காமல்.

அன்று நான் அம்மனோடு பேசவில்லை. விளக்குகூட ஏற்றவில்லை.

திங்கட்கிழமை வீட்டுக்காரர் விடாமல் கூட்டிப்போன ஆஸ்பத்திரியில் டாக்டர் தானும் சோதித்துப் பார்த்தார். விழித்திரையில் இரத்தம் கசியத் தொடங்கியிருக்கிறது, பார்வையை இன்னும் தொடவில்லை, லேசர் வைத்தால் காப்பாற்றலாம் என்றார். "நல்லா தெரியும்போதே வந்தீங்க பாருங்க. அதாம்மா உங்க கண்ண காப்பாத்துது."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எட்டு வருடம் எந்த டாக்டருக்கும் பிடிகொடுக்காத என்னை, கண்மலரோடு வரவழைத்து அந்தக் கேமரா முன்னால் உட்கார வைத்தது யார்? ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

லேசர் முடிந்தது. சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கிறது. பார்வை அப்படியே இருக்கிறது. தீபாவளிக்கு நாற்பது ஜாக்கெட் தைத்தேன். செய்தி கேட்ட அண்ணன் என் முகத்தைத் தடவிப் பார்த்துச் சிரித்தார்.

ஒன்றும் வரக்கூடாது என்று இப்போது நான் கேட்பதில்லை. எது வந்தாலும் சீக்கிரம் காட்டிவிடு தாயே என்றுதான் கேட்கிறேன். சர்க்கரை உள்ள சகோதர சகோதரிகளே, அவளை நம்புங்கள். நம்பிக் கும்பிட்ட கையோடு போய்க் கண்ணைக் காட்டுங்கள்.