பால்மரம் சீவிய கையும் ஆறு பாத்தியும்

காய்கறிக் கொல்லையில் வேலை பழகப் போகிறவள் முதலில் மறக்க வேண்டியது, தனக்கு வேலை தெரியும் என்கிற நினைப்பை. கங்கோங் கீரை பிடுங்கிப் பிடுங்கி இடுப்பு விட்டுப்போன சகோதரிகளே, உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நான் தோட்டப் பள்ளியில் நாலாவதுவரை படித்தவள். முப்பது வருஷம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவினேன். மெர்டேக்கா என்கிற சுதந்திரத்தை ஒட்டி எங்கள் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றுவிட்டார்கள். வீட்டுக்காரர் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளைகள் நால்வரும் தலையெடுத்துவிட்டதால், காஜா பெராங்கில் இருந்த பெரியவன் வீட்டுக்கு வந்தேன். மகனும் மருமகளும் தங்கமானவர்கள், ஒரு துரும்பை எடுத்துப் போட விடமாட்டார்கள். அதுதான் கஷ்டம். விடியுமுன் எழுந்து சாமி கும்பிட்டு முடித்தால், பொழுது சாயும்வரை இந்தக் கை என்ன செய்யும்? ஜன்னலுக்கும் வாசலுக்குமாக நடந்தேன். கடைசியில் பக்கத்துத் தெருவில் கொல்லை வைத்திருந்த சீன முதலாளியான தவுக்கேயிடம் நானே போய் நின்றேன். மூன்று மாதம் பழகிக்கொள், சரிப்பட்டால் பின்பக்கத்து ஆறு பாத்தியை உன் பொறுப்பில் விடுகிறேன் என்றார்.

மகனுக்கு இது பிடிக்கவில்லை. ஆனாலும் இறங்கி வந்தான். "மூணு மாசம்தாம்மா. அதுக்குள்ள பாத்தி கிடைக்கலேன்னா, பேசாம வீட்ல உட்கார்ந்து சாமி கும்பிடுங்க."

காவடி

அங்கே தண்ணீர் ஊற்றுவது தோளில் கம்பு வைத்து. இரண்டு பக்கமும் பெரிய பூவாளி தொங்கும். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. காண்டாக் கம்பில் இரண்டு வாளிப் பாலைச் சுமந்து மேடு பள்ளம் ஏறி இறங்கியவள் நான். ஒரு சொட்டு சிந்தினாலும் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி கத்துவார்.

குட்டையில் முக்கியெடுத்து, இரண்டு பாத்திக்கும் நடுவே அலுங்காமல் குலுங்காமல் விறுவிறுவென்று நடந்தேன். அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பிப் பார்த்தால், பூவாளி இரண்டும் நிறைந்தபடி இருக்கின்றன, பாத்தி இரண்டும் காய்ந்தபடி கிடக்கின்றன! நடக்க நடக்க இரண்டையும் சாய்த்துக்கொண்டே போக வேண்டுமாம். பக்கத்தில் கீரை அறுத்துக்கொண்டிருந்த தவுக்கேயின் மனைவி என்னைவிடப் பத்து வயது இளையவள். ஆனாலும் நம் பெண்கள் எல்லாரும் சீனர்களுக்குத் தங்காச்சிதான். எங்களுக்குள் பேச்செல்லாம் பாசார் மலாய் என்கிற சந்தை மலாய்தான், நான் தமிழில் எழுதுகிறேன். அவள் சொன்னாள்: "தங்காச்சி, காவடி நல்லாத்தான் எடுக்கிறே. தண்ணியை எப்போ இறக்குவே?"

விதை

மரத்தைச் சீவினால் அந்த நிமிஷமே பால் வரும். முப்பது வருஷம் அப்படிப் பழகிய எனக்கு, பயற்றங்காய் விதையை ஊன்றிவிட்டு வேடிக்கை பார்க்கத் தெரியவில்லை. மறுநாள் ஒன்றை விரலால் நோண்டிப் பார்த்தேன். உப்பியிருந்தது. மூடிவிட்டேன். அடுத்த நாள் வேறு இரண்டு. அதற்கடுத்த நாள் மனசு கேட்காமல் ஒரு வரிசையே. வாரக் கடைசியில் தவுக்கே ஊன்றியதெல்லாம் இரண்டு இலை விட்டு நிற்கிறது, என் வரிசையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நாலு. "விதை சரியில்லை" என்றேன். தவுக்கே மனைவி என் நகத்து மண்ணைப் பார்த்தாள். "நாலு பிள்ளை பெத்தவதானே நீ? ஒண்ணையாவது பாதியில வெளிய எடுத்துப் பார்த்தியா?"

மழை நாள்

இரண்டாம் மாதம். விடியற்காலையில் கொட்டுகொட்டென்று கொட்டியது. தோட்டத்தில் மழை என்றால் மரம் சீவ முடியாது, பால் கழுவிப் போய்விடும். அன்றைக்கு லயத்தில் எல்லாருக்கும் ஓய்வு. அந்தப் புத்தி அப்படியே என்னிடம் இருந்தது. விளக்கேற்றி, தேவாரம் படித்து, மருமகளோடு பணியாரம் சுட்டேன். ஒரு இடத்தில் நிற்காத எனக்கே அன்று மனசு அடங்கியிருந்தது என்றால் பாருங்கள்.

பத்து மணிக்கு வெயில் எட்டிப் பார்த்ததும் போனேன். தவுக்கேயும் மனைவியும் கழுத்துவரை சேறு. ஆளுக்கொரு சங்கோல் மண்வெட்டியோடு வாய்க்கால் வெட்டி, நாற்றுக்கு அத்தாப்பு ஓலை மூடி, விடிந்ததிலிருந்து நிற்கிறார்கள். என் பொறுப்பில் இருந்த சாலாட் கீரை நாற்று இரண்டு பாத்தியும் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. நான் தோட்டத்து வழக்கத்தைச் சொன்னேன். தவுக்கே சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை. "மழை வந்தா ரப்பருக்கு லீவு. கீரைக்கு அன்னைக்குத்தான் ஆள் வேணும். இன்னொரு தரம் இப்படின்னா, நீ வீட்லயே இரு."

என்ன எரு?

இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. அந்தக் கொல்லையில் பன்றி எருதான். நானும் சுமந்தேன். வீட்டுக்கு வந்து மூன்று தரம் குளித்துவிட்டுத்தான் விளக்கைத் தொடுவேன். அப்பனே முருகா, கையை மன்னித்துவிடு, வயிற்றுக்காகக்கூட இல்லை, இந்த மனசு சும்மா இருக்க மாட்டேன் என்கிறதே என்று தினமும் முறையிடுவேன்.

மூன்று வாரம் பாக்கி இருந்தபோது, கம்போங் செட்டியிலிருந்து ஒரு அம்மா வந்தார்; சாமியை விடாமல், தமிழை மட்டும் மறந்து, தலைமுறையாக மலாய் பேசும் நம் சனங்களின் ஊர் அது. கெபாயாச் சட்டை, சாரோங் கைலி, நெற்றி நிறைய விபூதி. விபூதியைப் பார்த்த சந்தோஷத்தில் நான் தமிழில் பேச, அவர் சிரித்துக்கொண்டே மலாயில் பதில் சொன்னார். கோயிலில் விரதச் சாப்பாடாம். கத்திரிக்காயும் பயற்றங்காயுமாகக் கூடையை நிரப்பிவிட்டு, போகிற போக்கில் கேட்பதுபோல, என்ன எரு என்று கேட்டார்.

பின்னால் தவுக்கே நிற்கிறார். 'லெம்பு' என்று மாட்டின் பேரைச் சொன்னால் போதும், கூடை விலை போய்விடும். என் நெற்றியிலும்தான் விபூதி இருந்தது. "பாபி" என்றேன். பன்றி. அவர் ஒவ்வொரு கத்திரிக்காயாக எடுத்துத் தட்டில் திரும்ப வைத்தார். கோபமே இல்லை. "வயிறு கேட்டிருந்தா வாங்கிட்டுப் போயிருப்பேன் அக்கா, கேக்கிறது சாமி."

கடைசி நாள்

அதன்பிறகு தவுக்கே என்னோடு வேலைப் பேச்சைத் தவிர வேறு பேசவில்லை. எனக்குத் தூக்கம் போயிற்று. வீட்டிலோ மருமகள் எனக்கென்று ஒரு பிரம்பு நாற்காலி வாங்கி, காற்று வரும் இடமாகப் பார்த்துப் போட்டுவிட்டாள். "இனிமே ராணி மாதிரி உட்காருங்க அத்தை" என்றபோது, அந்த நாற்காலியைப் பார்க்கவே பயமாக இருந்தது.

மூன்று மாதம் முடிந்த அன்று தவுக்கே என்னைப் பின்பக்கத்துக்கு வரச் சொன்னார். போனேன். அங்கே அதே கம்போங் செட்டி அம்மா, கூட இரண்டு பெண்கள். இந்த அக்கா பொய் சொல்ல மாட்டார், மாட்டெருவில் தனியாகப் பாத்தி போட்டுக் கொடுத்தால் எங்கள் கோயில் காய்கறி முழுக்க இங்கேயே வாங்கிக்கொள்கிறோம் என்று அவர்கள் தவுக்கேயிடம் பேசி முடித்திருந்தார்கள். சங்கோல் தனி, பூவாளி தனி, கூடை தனி. எரு மட்டும் புக்கிட் பாருவில் மாடு வளர்க்கும் பால்காரரிடமிருந்து நானே கொண்டுவர வேண்டும்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. தவுக்கே அதைப் பார்க்காதவர்போலக் பாத்திக்கு எல்லை அடிக்கும் கயிறு கட்டிய முளைக்குச்சிகளை என் கையில் திணித்தார். "பாபின்னு சொல்லி ஒரு கூடையைக் கெடுத்தே. இப்போ லெம்புன்னு சொல்லி ஆறு பாத்தியையும் வித்துக் குடு."

வீட்டில் உட்கார வைத்துவிடுவார்களோ என்று பயந்து ஓடியவளுக்கு உட்கார நேரமே இல்லாத ஆறு பாத்தியைக் கொடுத்து, கேட்டதைக் கேட்டபடி கொடுத்தால் இடுப்பு என்னாகும் என்பதையும் ஆண்டவன் காட்டிவிட்டான்.