முதல் ஓட்டத்தில் நிற்கிற இடம்

துரைக்கண்ணு இறந்துவிட்டார். நசரத்பேட்டையில் அவருடைய வெல்டிங் ஷெட்டிலேயே மாரடைப்பு. என் பூந்தமல்லி கடைக்குப் போனில் சேதி வந்தபோது, அவருக்கு அனுப்ப வேண்டிய வெல்டிங் ராடுகளைக் கட்டி வைத்திருந்தேன். அதைத் திரும்ப அலமாரியில் வைக்கக் கை வரவில்லை.

அவரிடம் வேலை கொடுத்த கிரஷர்காரர்கள் உங்களுக்குத் தெரியும். ஜல்லி கிரஷருக்குள் சுழன்று கல்லை உடைத்துத் தேய்ந்துபோகும் சுத்தியல்களின் முகத்தில், தேயாத வெல்டு வைப்பது அவர் தொழில். அதற்கான ராடு விற்பது என் தொழில். முதன்முதலில் என் ராடால் அவர் வைத்த வெல்டு ஆறும்போது 'டிக், டிக்' என்று சத்தம் கேட்டது. குறுக்கே மயிரிழை விரிசல்கள் ஓடின. வியாபாரம் போச்சு என்று நினைத்தேன்.

"இன்னாத்துக்கு நைனா மூஞ்சி வெளுத்துப்போச்சு?" என்றார். "ராடுல கீற குரோமியமும் கார்பனும் சேந்து கார்பைடா உறைஞ்சா, கல்லு அத்தத் தேய்க்க முடியாது. ஆனா ஆறிச் சுருங்கசொல்லோ அதுக்கு வளையத் தெரியாது. குறுக்கால வெடிச்சு இழுப்பை வுட்டுடும். கம்முனு கீதுன்னா இழுப்பு உள்ளாறயே நிக்குது, அதான் எனக்குப் பயம்."

கிரஷர் முதலாளி இராயப்பனுக்கு, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த இரண்டு கோட்டு வெல்டு போதவில்லை. "இன்னும் ரெண்டு ஏத்துப்பா, ரொம்ப நாளு ஓடும்" என்றார். துரைக்கண்ணு மறுத்தார். மேலே மேலே ஏற்றினால், சுற்றுகிற வேகத்தில் பாளமாகப் பெயர்ந்து ஆள்மேல் பாயும்.

"அப்போ இந்த ரெண்டு கோட்டுக்கு யாரு கேரண்டி?" என்றார் இராயப்பன்.

"மொத தபா ஓடசொல்லோ மெசினாண்டயே நிக்கிறோம். கோட்டு வச்ச நானும், ராடு வித்த இவரும்."

என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நகர்ந்தால் வாடிக்கை போகும், நின்றால் உயிர் போகும் என்ற கணக்கில் நின்றேன். ஒவ்வொரு கல் விழும்போதும் கண்ணை மூடினேன். யாரோ என் சட்டையைப் பிடித்து இழுப்பது போலிருந்தது. பார்த்தால் அவர் கை. அவரும் கண்ணை மூடியிருந்தார்.

டீக்கடையில் கேட்டேன்: "உனக்குமா பயம், அண்ணாத்தே?"

"பயம் போச்சுன்னா மூணாவது கோட்டு வச்சிடுவேன் நைனா. நீ டீயக் குடி, உன் கிளாசுந்தான் ஆடிக்கினு கீது."

அதற்குப் பிறகு எல்லா கிரஷருக்கும் அதுவே வழக்கமாயிற்று. ஒரு தடவைகூட எனக்குப் பயம் குறைந்ததில்லை.

இராயப்பனுக்காக அவர் கடைசியாக முடித்த சுத்தியல்களை ஷெட்டிலிருந்து எடுத்துவந்து என் கடையில் வைத்திருக்கிறேன். விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டேன். குறுக்கு விரிசல் எல்லாவற்றிலும் இருக்கிறது. அடியில் வெல்டு இரும்பைப் பிடித்திருக்கிறதா என்பது எனக்குத் தெரியாது. தெரிந்தவர் போய்விட்டார். அவரிடமிருந்து என்னிடம் மிச்சமிருப்பது அந்தப் பயம்தான்.

பழைய பேச்சு மாறாதில்லையா என்று நேற்று இராயப்பன் கேட்டார். மாறாது என்றேன். இரண்டு கோட்டுதான், விரிசலை யாரும் அடைக்கக் கூடாது, முதல் ஓட்டத்தில் அதே இடத்தில் நான் நிற்பேன், தனியாக.