கல்லீரலுக்கு நல்லதென்று குடித்த கோப்பி

பிள்ளைகளே, அப்பா ஒரு வாரமாக ஏன் சிடுசிடுவென்று இருக்கிறார் என்று அம்மாவிடம் கேட்டீர்களாம். இங்கே முகநூலிலேயே எழுதிவிடுகிறேன், மற்றவர்களும் படிக்கட்டும்.

என் கல்லீரலில் கொழுப்பு படிந்திருப்பதாகப் போன வருடம் டாக்டர் சொன்னார். பீரைக்கூடத் தொடாதவன் நான். பயந்து கிடந்த நேரத்தில், போர்ட் கிள்ளானில் என்னோடு லோரி ஓட்டும் குமார் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினான்: 'கோப்பி கல்லீரலைக் காக்கும், புதிய ஆராய்ச்சி.' அன்று முதல் லோரியை நிறுத்திய இடமெல்லாம் கோப்பிதான். மருந்தாக நினைத்துக் குடித்தேன்.

சென்ற வாரம் மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். கல்லீரல் இறுகத் தொடங்கிவிட்டதாம். இன்னும் தாமதித்தால் சரிசெய்வது கஷ்டமாம்.

"ஆராய்ச்சி உண்மைதான் அங்கிள்," என்றார் டாக்டரம்மா. "ஆனா அது பால், சீனி இல்லாத கோப்பிக்கு. இனிப்பான டின் பாலும் சீனியும் யாரு போடச் சொன்னா? அந்த இனிப்புதான் கல்லீரல்ல கொழுப்பா சேருது."

குமாரிடம் கத்தினேன். "நானா எழுதினேன்? வந்துச்சு, அனுப்புனேன் லா!" என்று சிரிக்கிறான். உயிர் என்னுடையது, சிரிப்பு அவனுடையது! முழுதாகப் படிக்காதவன் எதற்காக அனுப்ப வேண்டும்?

இப்போது எந்த ஆராய்ச்சி வந்தாலும் டாக்டரிடம் காட்டிக் கேட்காமல் நான் எதையும் வாயில் வைப்பதில்லை.

ஸ்கேன் எடுத்த மறுநாள், நீங்கள் பள்ளிக்குப் போனபின், வீட்டிலிருந்த பால் டின்னைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கவிழ்த்தேன். என் ஆத்திரம் தெரியாமல் அந்தக் கெட்டிப் பால் மெதுவாகத்தான் இறங்கியது. கடைசிச் சொட்டு விழும்வரை பிடித்துக்கொண்டு நின்றேன்.