கைபடாத பார்லிக் கஞ்சி

எங்கள் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துபோன பிறகுதான் வீட்டில் பீர் காய்ச்சுகிற வேலையே தொடங்கியது. பெரிய குடிகாரர் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு கிளாஸ் உள்ளே போனால் சுவரில் சாய்ந்து தூங்கிவிடுகிற மனுஷன். கப்பலில் எலக்ட்ரீஷியனாக ஓடிய காலத்தில் ஏதோ ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தில் ஒருவர் வீட்டுக்குச் சாப்பிடப் போனாராம். அங்கே நாலைந்து பானையும் கொஞ்சம் சுவிட்சும் இருந்ததாம். சுடுவது, வடிவது, ஆறுவது எல்லாம் தானாகவே நடந்து பீர் தயாராகிக்கொண்டிருந்ததாம். சாமி தரிசனம் கிடைத்தவர் மாதிரி வருஷக்கணக்காக அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

கை போன பிறகு அந்தப் பேச்சும் நின்றுவிட்டது. ரங்கூனில், போட்டாதாங் பேட்டையில் மூன்றாம் மாடியில் எங்கள் வீடு. ஜன்னலைத் திறந்தால் ஆறும் படகுமாகக் கண்ணுக்கு நிறைவாக இருக்கும். அவர் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், எழுப்பினால் எழுவார், அவ்வளவுதான். எனக்குக் கோபம் வரும். கத்துவேன். பதிலுக்குக் கத்துகிற ஆளாக இருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். இந்த மனுஷன் இப்படியே சுவரோடு சுவராகப் போய்விடுவாரோ என்று பயமாக இருந்தது.

ஆற்றுக்கு அக்கரையில், தன்லியினில் ஐஸ் ஃபேக்டரி வைத்திருந்த பர்மாக்காரப் பெரியவர் ஒருவர் இருந்தார். ஊலே என்று கூப்பிடுவோம். மாமா, சித்தப்பா மாதிரியான முறை. அவரிடம் வேலை கேட்கச் சொல்லி நான்தான் இவரைப் பிடித்துத் தள்ளாத குறையாகக் கூட்டிப்போனேன். ஊலே தொங்கிக்கொண்டிருந்த கையைப் பார்த்தார். கெட்டவர் இல்லை, ஆனால் மனதில் பட்டதை அப்படியே கேட்டுவிடுவார்.

"ஒத்தைக் கையை வச்சுக்கிட்டு ஃபேக்டரியில என்னப்பா செய்வே?"

"கையே படாம ஓடுற மெஷின் ஒண்ணு செஞ்சு காட்டுறேன். பார்த்துட்டுச் சொல்லுங்க" என்றார் இவர்.

"என்ன மெஷின்?"

"பீர் காய்ச்சுற மெஷின்."

ஊலேக்கு பீர் என்றால் உயிர். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "செய், வந்து பார்க்கிறேன்" என்றார். திரும்பி வருகிற பஸ்ஸில், "வாய்க்கு மட்டும் ஒண்ணும் ஆகலை போலிருக்கே!" என்று இவரை ஒரு பிடி பிடித்தேன். உள்ளுக்குள் எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அத்தனை மாதங்களில் அவர் முழுசாகப் பேசிய பேச்சு அதுதான்.

மறுநாளே வீடு பழைய இரும்புக்கடை ஆகிவிட்டது. ஜப்பானிலிருந்து வந்த பழைய வாஷிங் மெஷின் ஒன்றைப் பிரித்து அதன் டைமரையும் தண்ணீர் வால்வுகளையும் எடுத்தார். ரைஸ் குக்கர்களின் அடித்தட்டு சூட்டுக்கு. என்னுடைய மேசை விசிறியையும் விட்டுவைக்கவில்லை. அதன் தலை இப்படியும் அப்படியும் திரும்புகிறதல்லவா, அந்தத் திருப்பம் வேண்டுமாம். இடது கையால் அவர் திருகுவார், வலது கை வேலை நான். பிடி என்றால் பிடிப்பேன், விடு என்றால் விடுவேன். திட்டு வாங்கினேன், திருப்பியும் கொடுத்தேன்.

ஷான் மலையிலிருந்து வந்த உமி நீக்காத பார்லியைச் சந்தையில் வாங்கி, நனைத்து, ஈரச் சாக்கில் முளைக்கட்டினோம். பால்கனியில் காயவைத்தால் தெருப் புறாக்கள் மொத்தமும் பந்திக்கு வந்துவிடும். கசப்புக்குப் போடுகிற ஹாப்ஸ் பூவையும், கஞ்சியைப் புளிக்கவைத்து பீராக்குகிற ஈஸ்ட் பொட்டலத்தையும் கப்பலில் சமையல் வேலை செய்கிற என் தம்பி சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தான்.

முதல் தடவை வெறும் தண்ணீரை ஊற்றி ஓட்டிப் பார்த்தோம். டைமர் மெல்ல நகர்ந்தது. 'டக்' என்று ஒரு சத்தம். மேல் பானைத் தண்ணீர் தானாக நடுப் பானைக்கு இறங்கியது. சூடு ஏறியதும் குக்கர் விளக்கு தானாக அணைந்தது, குறைந்ததும் தானாக எரிந்தது. பக்கத்தில் ஆள் இல்லை, அதட்ட ஒரு குரல் இல்லை. அடுத்து என்ன செய்ய வேண்டுமென்று அந்த இரும்புக்குத் தெரிந்திருந்தது. கோயிலில் சாமி வந்து ஆடுகிறவர்களை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், எனக்கு அப்படிப் புல்லரித்ததில்லை. "அடேயப்பா!" என்று வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

இந்த நேரம் பார்த்துத்தான் சிக்கல் வந்தது. அவருக்குக் கை திரும்ப வேண்டுமென்று அம்மன் கோயிலில் தீமிதிக்கு நேர்ந்திருந்தேன். மணிக்கட்டில் மஞ்சள் காப்புக் கட்டியாயிற்று. காப்புக் கட்டிய வீட்டில் மீன், கறி ஆகாது. சாராய வகை எதையும் யாரும் தொடக்கூடாது. ஊலேயோ அந்த ஞாயிற்றுக்கிழமைதான் வருவேன் என்றார். அந்த வேலைக்கு அடுத்த நாள் அவர் வேறொருவருக்கு வாக்குக் கொடுத்தாக வேண்டுமாம்.

பூசாரியிடம் போய் நின்றேன். அவர் தாடியைச் சொறிந்தபடி எல்லாவற்றையும் கேட்டார்.

"ஈஸ்ட்டுன்னு ஒண்ணு சொன்னியே, அது விழுற வரைக்கும் இது என்ன?"

"பார்லிக் கஞ்சி சாமி."

"கஞ்சிக்கு தோஷம் இல்ல. அதைப் போடுற கை உன் கையோ உன் புருஷன் கையோ ஆகக்கூடாது. விழுந்ததும் விளக்கு வைக்கிறதுக்குள்ள ஜாடி வீட்டை விட்டுப் போயிடணும்."

"மெஷின் போடலாமா சாமி?"

"மெஷினுக்கு நான் காப்புக் கட்டலையே!" என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னால் எங்கள் வீட்டுக்காரர் கோபப்படுவார் என்று நினைத்தேன். மாறாகக் கண் பளபளத்தது. ஈஸ்ட்டைக் கையால் போடுவதாகத்தான் முதலில் திட்டம். இப்போது அதையும் மெஷினே செய்ய வேண்டும். விசிறியின் கழுத்தில் ஒரு கம்பியைக் கட்டினார், கம்பி நுனியில் சின்னக் கிண்ணம். கஞ்சி கொதித்து, வடிந்து, ஐஸ் தொட்டிக்குள் சுருண்டு கிடக்கும் செம்புக் குழாய் வழியாக ஆறி, கண்ணாடி ஜாடிக்கு வந்ததும் விசிறி தலையைத் திருப்பும். கிண்ணம் சாயும்.

ஞாயிற்றுக்கிழமை ஊலே வந்தபோது கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. சாக்கில் சுற்றி அவரே ஒரு ஐஸ் கட்டி கொண்டுவந்திருந்தார். தேநீர் கொடுத்து உட்காரவைத்தேன். வீடெல்லாம் முளைப்பயிறு வறுத்த மாதிரி ஒரு இனிப்பு வாசனை. வால்வு ஒவ்வொன்றும் 'டக்' என்னும்போது ஊலே குழந்தை மாதிரி எட்டி எட்டிப் பார்த்தார். எங்கள் வீட்டுக்காரர் இடது கையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தேன் நிறத்தில் கஞ்சி ஜாடிக்குள் இறங்கி முடிந்தது. விசிறி 'ம்ம்' என்று முனகித் தலையைத் திருப்ப ஆரம்பித்தது.

கரண்ட் போய்விட்டது.

கிண்ணம் பாதி சாய்ந்து அந்தரத்தில் நிற்கிறது. விரல் நுனியால் தொட்டால் போதும். ரங்கூனில் முறை வைத்துத்தான் கரண்ட் கொடுப்பார்கள், அது தெரிந்ததுதான். ஆனால் முறை முடிய நேரம் இருக்கையிலேயே பிடுங்கிவிட்டார்களே, பாவிகள்! காத்திருந்தோம். தேநீர் ஆறியது. ஐஸ் கரைந்து தொட்டி தளும்பியது. வெயில் பால்கனியை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது. விளக்கு வைக்கிற நேரம் நெருங்க நெருங்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

ஊலே எழுந்தார். "எனக்கு நேரமாச்சு. நான் தட்டிவிடட்டுமா? எனக்கொண்ணும் காப்பு இல்லையே."

"வேண்டாம் ஊலே. நீங்க தட்டினா அது உங்க கை ஓட்டின மெஷின்" என்றார் இவர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தட்டட்டும் விடுங்களேன்! வீம்புக்கு இதுவா நேரம்?" என்றேன். அவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை. கிண்ணத்தைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த மனுஷன் இல்லை அது. நெற்றியில் வேர்வை நிற்க, முழு உயிரும் கண்ணில் இருந்தது. நான் ஊலேக்கு நாற்காலியை இழுத்துப் போட்டேன். ஊலே மறுபடி உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் தெருவே ஒரே குரலாகக் கூவியது. "மீ லாபி! மீ லாபி!" கரண்ட் வந்தால் எங்கள் ஊரில் சின்னவர் பெரியவர் எல்லோரும் அப்படித்தான் கூவுவார்கள். நானும் கூவினேன். பல்பு எரிந்தது, ஆனால் சிவப்பு நூல் மாதிரிதான். விசிறி நடுங்கியது, திரும்பவில்லை. கரண்ட் வந்த நிமிஷமே தெரு முழுக்கத் தண்ணீர் மோட்டார் போட்டுவிடுவார்களே, வோல்டேஜ் எங்கிருந்து வரும்?

கையால்தானே தொடக்கூடாது! பால்கனிக்கு ஓடினேன். "ஐயோ, மோட்டாரை நிறுத்துங்க! எல்லாரும் நிறுத்துங்க!" என்று பர்மியிலும் தமிழிலும் மாறி மாறி அடித்தொண்டையில் கத்தினேன். யாருக்கோ கரண்ட் அடித்துவிட்டது என்று நினைத்துவிட்டார்கள். எதிர்வீட்டு மோட்டார் நின்றது. கீழ்வீடு நின்றது. அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. தெருவின் இரைச்சல் ஒவ்வொன்றாக அடங்க அடங்க எங்கள் பல்பு சிவப்பிலிருந்து மஞ்சளாகி, மஞ்சளிலிருந்து வெள்ளையானது. டைமர் விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தது. விசிறி தலையைத் திருப்பியது. ஈஸ்ட் பொடி ஜாடிக்குள் விழுந்து தேன் நிறத்தின் மேல் மெதுவாகப் பரவியது.

ஒரு தெருவே கையெடுத்து வழிவிட்டு அந்தக் கிண்ணம் சாய்ந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

கீழே நின்றவர்களுக்கு "யாருக்கும் ஒண்ணுமில்ல" என்று சொல்லிச் சமாதானப்படுத்திவிட்டு உள்ளே வந்தேன். ஊலே ஜாடியைத் தூக்கிவர, கீழே காரில் இருந்த தன் டிரைவரைக் கூப்பிட்டிருந்தார். பிறகு இவர் பக்கம் திரும்பினார். அதுவரைக்கும் 'ஏம்ப்பா' என்று கூப்பிட்டவர், தொழில் தெரிந்தவர்களைக் கூப்பிடுகிற மரியாதைச் சொல்லால் கூப்பிட்டார்.

"சயா, மெஷின் நல்லா இருக்கு. ஆனா உங்களை வேலைக்கு எடுக்கிறது அதுக்காக இல்ல. கரண்ட் போனா எங்க ஆளுங்க ஐஸ் என்ன ஆச்சோன்னு மூடியைத் திறந்து திறந்து பார்க்கிறாங்க. பார்த்தே கரைச்சிடுறாங்க. அவங்களுக்கெல்லாம் ரெண்டு கையும் இருக்கு. நீங்க ஒரு விரல் தொட்டா முடியிற வேலையைத் தொடாம உட்கார்ந்திருந்தீங்க. நாளைக்கே வாங்க."

இவருக்கு உதடு ஒரு பக்கமாகக் கோணியது. பக்கவாதம் வந்த அன்றைக்கும் அழாதவர் அழுதார். ஊலே நாகரிகமாக ஜாடிக்குப் பின்னாலேயே இறங்கிப் போய்விட்டார். நான் சாமி விளக்கை ஏற்றினேன்.

மறுநாள் காலை அவர் தன்லியின் பஸ் ஏறினார். அந்த மாதமே நான் பூக்குழி இறங்கினேன். கை திரும்ப வேண்டும் என்றுதான் நேர்ந்துகொண்டேன். இன்றுவரை திரும்பவில்லை. ஊரில் நான் சண்டை போடாத ஆள் கிடையாது. அம்மனிடம் மட்டும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.