அடி வெளுக்காத இலை

தேபுலி எதையும் திருப்பிப் பார்க்காமல் நம்பமாட்டாள். ரொட்டியைத் திருப்பிப் பார்ப்பாள், சேலையைத் திருப்பிப் பார்ப்பாள். காட்டில் இலை கிள்ளினால் கேட்கவே வேண்டாம். ஓரமெல்லாம் ரம்பப் பல், அடிப்புறம் கம்பளி ஒட்டிய மாதிரி வெள்ளை என்றால் அது பாஞ்சு. இரண்டு பக்கமும் வழவழவென்று பச்சையாக இருந்தால் திலோஞ்சு. இரண்டும் கருவாலி, அதாவது ஓக் மர ஜாதிதான்.

“பொண்ணு பாக்க வந்த மனுஷனையும் இப்படித்தான் திருப்பிப் பாத்தியா தீதி?” என்பாள் பக்கத்து வீட்டுக் கீமுலி.

“பாத்திருந்தா இந்த வீட்டுக்கு வந்திருப்பேனாடி?”

புருஷனுக்கு மலைக்குக் கீழே ஹல்த்வானி டவுனில் ஓட்டல் வேலை. ஹோலிக்கு வந்தால் உண்டு. வீட்டில் துணை என்று இருந்தது சுனுலி என்ற எருமைதான். அதுவும் நிறைசினை.

அந்த வருஷம் கோடையில், கீழே பைன் காட்டில் எந்தப் புண்ணியவானோ போட்ட பீடித்துண்டு மலையையே தின்றது. புல் சரிவு போயிற்று. குளிருக்குப் பிறகும் மிச்சம் பிடித்து, தீவனத்துக்கென்று மரங்களைச் சுற்றிக் கட்டியிருந்த காய்ந்த புற்கட்டுகளும் போயின. தேபுலியின் கோதுமையை அதற்கு முன்பே காட்டுப்பன்றி முடித்திருந்தது. கீமுலி தன் கூரைக்கடியில் கிடந்த வைக்கோலில் ஒரு கட்டு கொடுத்தாள். அவள் வீட்டிலும் மாடு கத்திக்கொண்டிருந்தது, பாவம், அதற்குமேல் அவளால் என்ன முடியும்?

கருகிய காட்டில் முதலில் தளிர்த்தது ஒரே ஒரு ஜாதி மரம். இளஞ்சிவப்பாக, பூப் பூத்தாற்போல.

“இது காபல் தளிரா இருக்கும் தீதி. பாஞ்சு இப்படியா இருக்கும்?” என்றாள் கீமுலி. அவளுக்கும் ஆசைதான்.

காபல் பழமரம், மாடு தின்றால் ஒன்றும் செய்யாது; அதாக இருந்துவிடக் கூடாதா என்று தேபுலியும் ஊர்ச்சாமி கோலுவை வேண்டிக்கொண்டேதான் இலையைக் கிள்ளினாள். மேலெல்லாம் பூனைமயிர். ஓரத்தில் பல். பட்டை சாம்பல் நிறத்தில் வெடித்திருந்தது. வேரடியில் கருவாலிக்கொட்டையின் கருகிய கிண்ணங்கள் கிடந்தன. திருப்பினாள். அடி வெளுக்கவில்லை, அங்கேயும் அதே சிவப்பு.

“பாஞ்சுதான்டி. பச்சைக் குழந்தை.”

முற்றி அடி வெளுத்த பாஞ்சு இலை மாட்டுக்குத் தீவனம், அடி வெளுக்காத தளிர் விஷம் என்று அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். சாணி கட்டும், மூத்திரத்தில் ரத்தம் போகும். தேபுலி அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு வெறுங்கையோடு திரும்பினாள்.

சுனுலி தொழுவத்தில் அவளுடைய முந்தானையை மென்றது. வயிற்றுக்குள் கன்று உதைப்பது வெளியே தெரிந்தது. தன் கேழ்வரகு ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்தாள். எருமைக்கு அது எந்த மூலைக்கு? மறுநாள் போனாள், கொஞ்சம் வெட்டினாள். வைக்கோலில் கலந்து கொஞ்சமாகக் கொடுத்தால் ஒன்றும் செய்யாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சுனுலி வைக்கோலை ஒதுக்கிவிட்டுத் தளிரை மட்டும் பொறுக்கித் தின்றது. இன்னும் கேட்டது. கேட்கும்போது கொடுக்காமல் இருக்கத் தெரியவில்லை அவளுக்கு.

சில நாளில் சாணி கட்டியது. மூங்கில் குழாயில் கடுகெண்ணெய் ஊற்றினார்கள். மாட்டு டாக்டர் மலையேறி வந்து தாடையைத் தூக்கிப் பார்த்தார்.

“தளிர் தின்னுச்சா?”

“ஆமா.”

“தெரியாமலா கொடுத்த?”

“தெரிஞ்சுதான் சாமி. வேற எதைக் கொடுக்க?”

அவர் பெட்டியை மூடினார். சுனுலியும் கன்றும் ஒன்றாகவே போனார்கள். தேபுலி அழுதாள், வாய்விட்டு, ஊர் கேட்க அழுதாள். யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று பட்டது.

மழை பிடித்த பிறகு கீமுலியோடு விறகுக்குப் போனாள். மலை முழுக்கப் பாஞ்சு கரும்பச்சையாகத் தழைத்து நின்றது. பழக்க தோஷம், கை தானாக ஓர் இலையைக் கிள்ளித் திருப்பியது. வெள்ளை வெளேரென்று இருந்தது.

“உன் மாட்டுக்கு வெட்டிக்கோடி, இனி ஒண்ணும் பண்ணாது” என்று சொல்லி, விறகு கட்டக் கொண்டுவந்த தன் கயிற்றையும் கீமுலியிடமே கொடுத்துவிட்டாள்.