பிச்சிப்பூ நஷ்டஈடு

எனக்கு அந்த நாட்களில் மூக்குக்கு மேல் கோபம் வரும். அதிலும் என் சைக்கிளை யாராவது தொட்டுவிட்டால் கேட்கவே வேண்டாம். நாகர்கோவிலில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தேன். மனைவி பிரசவத்துக்காகத் திருவட்டாற்றுப் பக்கம் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். எங்கள் முதல் குழந்தை பிறந்த அன்றே இறந்தபோது நான் அங்கே இல்லை. அவள் தனியாக அழுதாள். இந்தத் தடவை அப்படி விடக்கூடாது என்று சனிக்கிழமை தோறும் சைக்கிளில் அவளைப் பார்க்கப் போய்வந்தேன்.

பஸ் அப்போதுதான் எங்கள் ரோட்டுக்கு வந்திருந்தது. தோவாளைப் பூக்கூடைகளை ஏற்றிக்கொண்டு மேற்கே போகும் பஸ் ஒன்று ஒரு சனிக்கிழமை பின்னாலிருந்து என்னை இடித்துவிட்டது. கூரைமேல் கூடை சரியும் சத்தம் கேட்டு டிரைவர் தலையைத் திருப்பினாராம். நான் வாய்க்காலில் விழுந்து சிராய்ப்போடு தப்பினேன். சைக்கிளின் பின்சக்கரம் அப்பளமாக நொறுங்கிப்போயிற்று.

சக்கரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் முதலாளியிடம் போய் நஷ்டஈடு கேட்டேன். இல்லாவிட்டால் போலீசுக்குப் போவேன் என்று கத்தினேன். அவர் அசரவில்லை.

"புதுச் சக்கரம் வாங்கித் தாறேன். அந்த டிரைவர இன்னையோட சோலிய விட்டு நிறுத்திருதேன். போதுமா?"

என் கோபம் பாதியில் நின்றுவிட்டது. யோசித்துச் சொல்வதாகத் திரும்பினேன்.

அன்று சாயங்காலமே டிரைவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். என்னைவிட மூத்தவர்.

"சாரே, தப்பு எனக்கதுதான். சக்கரத்துக்க ரூவாய நானே பைய தந்து தீக்கேன். சனிக்கிழம தோறும் நீங்க இந்த வழி போறத நான் பாத்ததுண்டு; அது வர ஒங்கள நானே கொண்டு விடுதேன். எனக்க சோலிய மட்டும் கெடுக்காண்டாம்."

எனக்கு வேண்டியிருந்தவை அந்தச் சனிக்கிழமைகள்தான். சரி என்றேன். முதலாளியிடமும் ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை டிரைவருக்குப் பக்கத்து இருக்கையில், முதலாளியின் சொந்தக்காரர்கள் உட்காரும் இடத்தில், மாப்பிள்ளை முறுக்கோடு போனேன். இறங்கும்போது வாழையிலையில் பொதிந்த பிச்சிப்பூச் சரத்தைக் கையில் தந்தார்.

"நஷ்டஈட்டுல இதையும் சேத்துக்கிடுங்க, சாரே. பிள்ளத்தாச்சிப் பொண்ணு தலையில வச்சுக்கிடட்டும்."

எங்கள் கிறிஸ்தவ சபைப் பெண்கள் பூ வைக்கமாட்டார்கள். அது அவருக்குத் தெரியாது. தோவாளைப் பூந்தோட்டத்துக்குள்ளேயே பிறந்து வளர்ந்த மனிதரிடம் அதை எந்த வாயால் சொல்வது? வாங்கிக்கொண்டேன். மாமியார் பொதியைப் பார்த்து முகம் சுளித்தார். மனைவி அதைக் கட்டிலருகே ஒரு கிண்ணத்தில் வைத்தாள்.

"பூ வைக்கமாட்டோம்னு அவருகிட்ட சொன்னீங்களா?"

"இல்ல. சொன்னா முகம் வாடிரும்."

"சொல்லாண்டாம். பழசெல்லாம் நெனச்சுப் பயம் வரும்போ இத மோந்துக்கிட்டுக் கிடப்பேன்."

வாராவாரம் பூ வந்தது. ஒரு சனிக்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு வலி கண்டிருந்தது. கதவுக்கு வெளியே நான் நின்றேன். உள்ளே மகள் வீறிட்டு அழுதாள்; வெளியே நானும் அழுதேன். எனக்கு வெட்கமாக இல்லை.

ஞானஸ்நானத்துக்கு டிரைவரை அழைத்திருந்தோம். பெரிய பூப்பொதியோடு வந்தவர், சபைக் கோயில் வாசலில் நின்று உள்ளே பெண்கள் பக்கம் பார்த்தார். ஒருத்தி தலையிலும் பூ இல்லை. பொதி மெல்ல அவர் முதுகுக்குப் பின்னால் போயிற்று.

"ஒரு வார்த்த சொல்லப்பிடாதா, சாரே?" என்றார்.

மனைவி குழந்தையை என் கையில் தந்துவிட்டு அவரிடம் போனாள்.

"அதத் தாங்கண்ணே" என்று வாங்கி, சபை முழுவதும் பார்த்திருக்கக் கொண்டையில் சுற்றிக்கொண்டாள். போதகர் ஒரு கணம் பார்த்துவிட்டு ஜெபத்தைத் தொடங்கினார்.

அதற்கு முன்பும் அவள் பூ வைத்ததில்லை, பிறகும் வைத்ததில்லை. சக்கரத்துக்கான பணத்தோடு டிரைவர் பின்னொரு நாள் வந்தபோது, நஷ்டஈடு முழுவதும் கிடைத்துவிட்டது என்று சொல்லி அனுப்பினேன்.